அடுக்குமாடியில் கிறிஸ்துமஸ்: ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில் பக்கமோ தூத்துக்குடிக் கடற்கரையிலோ வளர்ந்தவர்களுக்கு இதற்கெல்லாம் வழிகாட்டி தேவைப்பட்டிருக்காது. எப்போது ஸ்டார் கட்டுவது, எப்போது மாவு இடிப்பது, பஜனை எந்தத் தெருவில் தொடங்கி யார் வீட்டில் காப்பியோடு முடியும் என்பதெல்லாம் டிசம்பர் பிறந்ததும் தானாகத் தெரிந்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம். சென்னையில் 8 சதவீதம்கூட இல்லை. வேளச்சேரியிலோ போரூரிலோ அறுபது வீடு உள்ள குடியிருப்புக்கு வந்து சேர்ந்தால், ஸ்டார் தொங்கும் வீடு நம்முடையதைச் சேர்த்து மூன்றோ நான்கோ இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, கிறிஸ்துமஸைக் கோயிலோடு முடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் மால்களில் இருப்பதைப் போல மரம், கிறிஸ்துமஸ் தாத்தா, கேக், சிவப்புத் தொப்பி என்று எல்லாருக்கும் பொதுவான ஒன்றாக ஆக்கிவிடுகிறார்கள். அதில் குழந்தை இயேசுவுக்கு மட்டும் இடம் இருக்காது. "பல மதத்தவர் இருக்கிற இடம், எதற்கு வம்பு" என்று காரணமும் சொல்வார்கள்.

இந்தக் காரணத்தை நான் ஏற்பதில்லை. எதிர்வீட்டில் ஒருவர் மாலை போட்டு 41 நாள் விரதத்தில் இருக்கிறார். மேல்வீட்டு அம்மா மார்கழியில் விடியுமுன் எழுந்து கோலம் போடுகிறார். கீழ்வீட்டில் ரமலானில் முப்பது நாள் நோன்பு வைக்கிறார்கள். "எங்கள் பண்டிகைக்கு நாலு வாரம் முன்பிருந்தே மனதைத் தயார் செய்கிறோம்" என்று சொன்னால் இவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பக்தியை மறைத்துக்கொள்ள அவசியமே இல்லாத அண்டை வீட்டார் நமக்கு வாய்த்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் கீழே உள்ளதையெல்லாம் சொல்கிறேன்.

நவம்பர் கடைசி வாரம்: திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள்தாம் திருவருகைக் காலம். முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். ஆலயத்தில் ஊதா நிறத் துணி விரித்திருப்பார்கள். ஊதா என்றால் தவமும் காத்திருப்பும். ஊரில் இருந்தவரை இதைக் கவனித்திருக்கவே மாட்டோம், சுற்றிலும் இருந்தவர்கள் நமக்காகவும் சேர்த்துக் காத்திருந்தார்கள். இங்கே வீட்டில் நாமே ஏதாவது செய்யாவிட்டால், 23-ஆம் தேதி இரவு லீவு கிடைத்து பஸ் ஏறும்போதுதான் கிறிஸ்துமஸ் ஞாபகமே வரும்.

எளிய வழி, நான்கு விளக்கு. பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவத்தி வைத்து வாரம் ஒன்றாக ஏற்றும் வழக்கம் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் நினைப்பதுபோல் அது ஆதித் திருச்சபை காலத்து வழக்கம் கிடையாது. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிச் விச்சர்ன் என்ற லுத்தரன் போதகர், பிள்ளைகள் நாளை எண்ணிக் காத்திருப்பதற்காக 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை நட்டு வைத்தார். அங்கிருந்து பரவியதுதான். அவர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார், நீங்களும் அப்படியே செய்யலாம். கார்த்திகை தீபம் ஏறக்குறைய இதே சமயத்தில் வருவதால் கடையெல்லாம் அகல் விளக்குதான் குவிந்திருக்கும். ஒரு தாம்பாளத்தில் நான்கு அகல், நடுவில் 24-ஆம் தேதி இரவு ஏற்ற ஒரு பெரிய வெள்ளை மெழுகுவத்தி, போதும். ஞாயிறு மாலை விளக்கேற்றி ஒரு ஜெபம், ஒரு பாட்டு. பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், பிள்ளைகள் அடுத்த வாரம் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

அடுத்தது வாசிப்பு. லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1-இல் தொடங்கி நாளுக்கு ஒன்று வாசித்தால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இயேசுவின் வாழ்க்கை முழுவதையும் முடித்திருப்பீர்கள். வேலை முடிந்து வர இரவு ஒன்பதாகிறதா, சாப்பிட்ட பிறகு வாசியுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் படித்து ஈடுகட்ட வேண்டாம், அன்றைய அதிகாரத்துக்கே போய்விடுங்கள். ஈடுகட்டப் போய்த்தான் பல வீடுகளில் ஏழாம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது.

ஸ்டாரும் குடிலும்

ஸ்டாரைப் பொறுத்தவரை ஒன்றுதான். பால்கனியில் கட்டுவதற்கு முன் அசோசியேஷன் விதியைக் கேட்டுவிடுங்கள். வெளிச்சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று பல இடங்களில் உண்டு, கம்பியில் கட்டிக்கொண்டால் பிரச்சினை வராது. மின்விளக்குச் சரத்தைப் பொது மீட்டரிலிருந்து எடுக்காதீர்கள். சொல்லவே தேவையில்லாத விஷயம்தான், ஆனாலும் சண்டை வருவது இங்கேதான்.

இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடிலுக்கு நேரம் ஒதுக்குங்கள். மரம் வைக்க இடமில்லை என்றால் மரத்தை விடலாம், குடிலை விடாதீர்கள். உங்கள் வீட்டுக்குள் நுழைகிறவருக்கு இது யாருடைய பிறந்தநாள் என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிவிடுவது அதுதான். அசிசியின் பிரான்சிஸ் 1223-இல் கிரெச்சோ என்ற மலையூரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக முதன்முதலில் இப்படி ஒரு காட்சியை அமைத்தபோது, ஊர் மக்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்பதுதான் எண்ணம். எட்டு நூற்றாண்டு கழித்தும் அதே வேலையைச் செய்கிறது.

பொம்மைக்கு நம்மூர் மண் பொம்மையே வாங்குங்கள். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்கிற அதே கைகள்தாம் அதன் பிறகு மரியாளையும் அவர் கணவர் சூசையப்பரையும் இடையர்களையும் செய்கின்றன. கொலு வைக்கிற பக்கத்து வீட்டு மாமியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிடம் உங்கள் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்து வண்ணப்பூச்சைப் பற்றி ஒரு விமர்சனம் வரும். படிக்கட்டு அமைப்பது, துணி மடிப்பது, விளக்கு மறைத்து வைப்பது எல்லாவற்றிலும் அவர் உங்களைவிடத் தேர்ந்தவர். கேளுங்கள்.

பனி என்று பஞ்சை அள்ளிப் போடுவதை நான் ரசிப்பதில்லை. அதற்குப் பதில் டிசம்பர் 12, 13 வாக்கில் அகலமான தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகையோ கோதுமையையோ நெருக்கமாகத் தூவி, தினமும் தண்ணீர் தெளியுங்கள். 24-க்குள் பசும்புல்லாக எழுந்து நிற்கும். முளைப்பாரி பார்த்து வளர்ந்தவர்கள் குடியிருப்பில் இருந்தால் இதில் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது.

இரண்டு விதியை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். குழந்தை இயேசுவின் பொம்மை 24 இரவுவரை அலமாரியில்தான் இருக்கும். தொட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாரும் "பாப்பா எங்கே?" என்று கேட்பார்கள். "இன்னும் பிறக்கவில்லை" என்று உங்கள் ஆறு வயது மகள் பதில் சொல்லட்டும், இதைவிட நல்ல மறைக்கல்வி வகுப்பு கிடையாது. இரண்டாவது, குழந்தையைப் பார்க்கக் காணிக்கையோடு வந்த ஞானிகள் மூவரும் குடிலுக்குள் இருக்கக் கூடாது. வீட்டின் வேறு மூலையில், டிவி மேசையிலோ புத்தக அலமாரியிலோ தொடங்கி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து ஜனவரியில்தான் வந்து சேர வேண்டும். (மூவர் என்று பைபிளில் எங்கும் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டார்கள்.)

தாத்தா

பள்ளிக்கூடத்திலும் அசோசியேஷனிலும் அவர் வந்தே தீருவார். விரட்டப் பார்க்காமல் அவருக்கு ஒரு ஊரைச் சொல்லிக்கொடுங்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீராவில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ் அவர். யாருக்கும் தெரியாமல் ஏழைகளுக்கு உதவினார் என்று மரபு சொல்கிறது. திருநாள் டிசம்பர் 6. அன்று பிள்ளைகளிடம் கொஞ்சம் பணம் கொடுத்து, குடியிருப்பில் வேலை பார்ப்பவர்களில் ஒருவருக்கு யார் கொடுத்தது என்று தெரியாமல் எதையாவது சேர்க்கச் சொல்லுங்கள். யார் கொடுத்தது என்று தெரியாமல் ஆபீசில் பரிசு கொடுக்கும் கிறிஸ்-மாம், கிறிஸ்-சைல்டு விளையாட்டும் இதே மாதிரிதான்.

அசோசியேஷன் விழா

பல குடியிருப்புகளில் தீபாவளி, பொங்கல் மாதிரி கிறிஸ்துமஸுக்கும் ஒரு மாலை ஒதுக்குகிறார்கள். புதிதாக வந்த கிறிஸ்தவக் குடும்பத்திடம் "நீங்களே பார்த்துச் செய்யுங்களேன்" என்று பொறுப்பைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்போது தயங்காமல் பத்து நிமிடம் கேளுங்கள். டிஜே, கேக், விளையாட்டு எல்லாம் இருக்கட்டும். அதற்கு முன் பிள்ளைகள் நடிக்கும் ஒரு சிறு பிறப்புக் காட்சி. மரியாள், சூசை, இடையர், தேவதூதர், ஆடு என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு இடம் உண்டு. எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் நீங்களே நேரில் போய்க் கேட்க வேண்டும். வாட்சப் குழுவில் போட்டுவிட்டு "யாரும் மறுக்கவில்லையே" என்பது சம்மதம் ஆகாது. யாராவது வேண்டாம் என்றால், சரி என்று சிரித்துவிட்டு வாருங்கள்.

அதே மேடையில் ஜெபக்கூட்டம் நடத்தாதீர்கள். மைக் கையில் கிடைத்ததும் இருபது நிமிடம் பிரசங்கம் செய்துவிடும் மாமா ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரைப் பந்தி பரிமாறப் போடுங்கள். விழாவுக்கு வந்தவர்கள் விருந்தாளிகள். ஜெபத்துக்கு வர விருப்பம் உள்ளவர்களை உங்கள் வீட்டுக்கு, ஜெபம் என்று சொல்லியே அழையுங்கள்.

கேரல் வரும் இரவு

உங்கள் சபையிலிருந்து கேரல் குழு வீடு வீடாக வரும். முப்பது பேர், கிட்டார், டிரம், தாத்தா வேடம், ஒரு வேன். கிராமத்தில் இரவு ஒரு மணிக்கு வந்தாலும் எழுந்து கதவைத் திறந்தோம். இங்கே அது நடக்காது, நடக்கவும் கூடாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. பண்டிகைக்காக ஆண்டில் சில நாட்கள் நள்ளிரவுவரை அரசு விலக்கு அளிக்கலாம், ஆனால் அது உங்கள் தெருவுக்கு அன்றைக்கு உண்டா என்று நம்பி இறங்க வேண்டாம். எட்டரை மணிக்குள் உங்கள் வீட்டு முறை வரும்படி குழுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, காவலாளியிடம் வேன் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கீழ்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ உடம்புக்கு முடியாதவரோ இருந்தால் முந்தின நாளே போய்ச் சொல்லுங்கள். மைக் இல்லாமல் பாடச் சொன்னால் இன்னும் நல்லது. கீர்த்தனைக்கு அதுதான் அழகு. கர்நாடக ராகத்தில் அமைந்த ஒரு பழைய கீர்த்தனையைப் பாடிப் பாருங்கள், மார்கழிக் கச்சேரிக்குப் போய் வரும் மேல்வீட்டுத் தாத்தா வாசலில் வந்து நின்று ராகத்தைச் சொல்லிவிட்டுப் போவார்.

பட்டாசுக்கும் நேரம் உண்டு. 2018 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி கிறிஸ்துமஸ் இரவில் 11.55 முதல் 12.30 வரைதான். அடுக்குமாடி வளாகத்தில் அதுவும் வேண்டாம் என்பேன்.

பலகாரத் தட்டு

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு ஆறு தட்டு வந்திருக்கும், பக்ரீதுக்கு பிரியாணி வந்திருக்கும். இப்போது உங்கள் முறை.

முதலில் பட்டியல். எந்த வீட்டில் சைவம், எந்த வீட்டில் முட்டை சாப்பிடுவார்கள், யார் மாலை போட்டிருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். சபரிமலை மண்டல காலம் கார்த்திகை முதல் தேதி தொடங்கி டிசம்பர் 26, 27 வாக்கில்தான் முடியும். அதாவது கிறிஸ்துமஸ் அன்று அந்த விரதம் கடைசிக் கட்டத்தில் இருக்கும். மாலை போட்டவர் வெளிவீட்டில் சமைத்ததையே சாப்பிடாமல் இருக்கலாம். அவர் வீட்டுக்கு வாழைப்பழம், ஆரஞ்சு, கொஞ்சம் முந்திரி, திராட்சை என்று கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்ள அவருக்குச் சங்கடம் இருக்காது. "நீங்க விரதம்னு தெரியும் சாமி, அதான் பழம்" என்று சொன்னால் அந்த ஒரு வரி கேக்கைவிட இனிக்கும்.

கேக்கில் முட்டை உண்டு, பிளம் கேக்கில் பழத்தை ரம்மில் ஊறவைத்திருப்பார்கள். முஸ்லிம் வீட்டுக்கு ரம் கலந்ததைக் கொடுக்கவே கூடாது. பேக்கரியில் வாங்கினால் வாய்விட்டுக் கேளுங்கள், டப்பாவின் மேல் எழுதியிருப்பதையும் படியுங்கள். ஆரஞ்சுச் சாற்றில் பழத்தை ஊறவைத்துச் செய்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே கேக் போகும், முட்டை பிரச்சினை மட்டும் மிஞ்சும். அதற்கு முட்டையில்லா கேக் தனியாக வாங்கிவிடலாம்.

உண்மையில் பலகாரத்தையே நம்பலாம். முந்திரிக்கொத்து, அதிரசம், கைமுறுக்கு, தட்டை இவற்றில் முட்டை கிடையாது. அச்சு முறுக்கிலும் கலகலாவிலும் வீட்டுக்கு வீடு பக்குவம் மாறும், நிறைய பேர் முட்டை சேர்ப்பார்கள். நீங்களே செய்வதென்றால் முட்டை இல்லாமல் தேங்காய்ப்பாலில் பிசையுங்கள். சைவ வீட்டுக்குப் போகிற பலகாரத்தைப் புது எண்ணெயில், முதல் ஈடாகச் சுட்டு எடுத்து வைத்துவிடுங்கள். மீன் பொரித்த சட்டி பக்கமே போகக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் கேட்க மாட்டார்கள், கேட்காமல் சாப்பிடாமலும் விட்டுவிடுவார்கள். கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் மனம் நிறைந்து சாப்பிடுவார்கள்.

தட்டோடு என்ன வைக்கலாம்? பிள்ளைகள் கையால் வரைந்த வாழ்த்து அட்டை. அதில் மாட்டுத் தொழுவமும் குழந்தையும் இருக்கட்டும், பனிமனிதன் வேண்டாம். துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். ஊழியத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். ஆனாலும் பலகாரத்துக்கு அடியில் மறைத்து வைத்துத் தரும் காகிதம், பலகாரத்தையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். பிறகு அந்த வீட்டுக்கு நீங்கள் எதைக் கொண்டு போனாலும் தட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

காவலாளி, குப்பை எடுப்பவர், படி துடைக்கும் அக்கா, இவர்களுக்கான தட்டு கடைசியில் மிஞ்சியதாக இருக்கக் கூடாது. முதல் தட்டு கீழே போகட்டும். பிறப்புச் செய்தி முதலில் சொல்லப்பட்டது இரவில் காவல் காத்துக்கொண்டிருந்த இடையர்களுக்குத்தான்.

கேள்வி கேட்டால்

கேட்பார்கள். ஆள் பார்த்து, சுருக்கமாகச் சொல்லுங்கள். "கடவுளே மனிதராகப் பிறந்தார், அதுவும் தங்க இடமில்லாமல் தொழுவத்தில் பிறந்தார் என்று நம்புகிறோம்" என்பது போதும். இந்து நண்பர், "எங்க அவதாரம் மாதிரிதானே" என்பார். அங்கேயே விவாதத்தைத் தொடங்க வேண்டாம். ஒற்றுமையை ஒப்புக்கொண்டு, எங்களுக்கு இது ஒரே ஒரு முறை நடந்தது என்று மட்டும் சொன்னால் போதும், அவரும் கேட்டுக்கொள்வார். முஸ்லிம் நண்பருக்கு மரியாளைப் பற்றி நீங்கள் சொல்லவே வேண்டாம். குர்ஆனின் 19-ஆம் அத்தியாயம் மர்யம் பெயரில்தான் இருக்கிறது, இயேசு கன்னியிடம் பிறந்ததையும் அவர்கள் ஏற்கிறார்கள். இறைமகன் என்பதை ஏற்பதில்லை. அந்த வேறுபாட்டை இருவருமே தெரிந்துவைத்துக்கொண்டு டீ குடிக்கலாம். சிலர் மார்க்கக் காரணத்தால் வாழ்த்துச் சொல்லாமல் இருப்பார்கள், அதைக் குறையாக எடுக்காதீர்கள்.

நம்மவர்களிலேயே ஒரு வகை உண்டு. சில பெந்தெகொஸ்தே சபைகள் கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லை, டிசம்பர் 25 பைபிளில் இல்லை என்பார்கள். இல்லைதான். ரோமில் அந்தத் தேதியில் கொண்டாடியதற்கான பழைய குறிப்பு 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவர்கள் வீட்டுக்கும் தட்டு அனுப்பலாமா என்றால், கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

24 இரவு

கத்தோலிக்கர்களுக்கு நள்ளிரவுத் திருப்பலி. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளில் பெரும்பாலும் 25 அதிகாலை ஆராதனை. உங்கள் பங்கில் தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பாருங்கள், சென்னையில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனி நேரம் இருக்கும். சாந்தோம், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் பக்கம் அன்று இரவு கார் எடுத்துப் போனால் நிறுத்த இடம் கிடைக்காது.

நண்பர்கள் "நாங்களும் வரட்டுமா?" என்றால் தாராளமாக அழைத்துப் போங்கள். போகும் வழியிலேயே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். எல்லாரும் எழும்போது எழலாம், முழந்தாளிட அவசியம் இல்லை. நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்க வரிசை எழும்பும்போது இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், அது பிரசாதம் போல எல்லாருக்கும் தருவது கிடையாது. காணிக்கைப் பை வந்தால் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இதைச் சொல்லாமல் அழைத்துப் போனால், பாவம், அவர் வரிசையில் போய் நின்று கடைசியில் சங்கடப்படுவார். பூசை முடிந்ததும் குடில் பக்கம் கூட்டிப் போங்கள். பாதிப் பேர் அதைப் பார்க்கத்தான் வந்திருப்பார்கள்.

வீடு திரும்பியதும், எத்தனை மணியானாலும், அலமாரியிலிருந்து குழந்தையை எடுத்துத் தொட்டிலில் வைப்பது வீட்டில் ஆகச் சின்னவரின் வேலை. லூக்கா 2, முதல் 20 வசனம் வாசித்து, நடுவில் உள்ள வெள்ளை மெழுகுவத்தியை ஏற்றுங்கள். அப்புறம் தூங்கலாம், காலையில் பிரியாணி வேலை இருக்கிறது.

25-க்குப் பிறகு

கடைகள் 26-ஆம் தேதியே ஸ்டாரைக் கழற்றிவிடும், நீங்கள் கழற்றாதீர்கள். திருச்சபைக்குப் பண்டிகை 25 அன்றுதான் தொடங்கியிருக்கிறது. 2004-க்குப் பிறகு கடலோரப் பங்குகளில் 26 அன்று சுனாமியில் போனவர்களுக்காக ஜெபிக்கிறார்கள். அந்தக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் பட்டணத்திலும் அன்று ஒரு மெழுகுவத்தி ஏற்றுவது நல்லது. 28, ஏரோது கொன்ற குழந்தைகளை நினைக்கும் மாசற்ற குழந்தைகள் திருநாள். ஞானிகள் வந்து சேரும் திருக்காட்சி ஜனவரி 6. இந்தியக் கத்தோலிக்கப் பங்குகளில் அதற்கு அருகிலுள்ள ஞாயிறில் கொண்டாடுவார்கள். டிவி மேசையிலிருந்து புறப்பட்ட மூவரும் அன்று குடிலை அடைந்ததும்தான் பொம்மைகளை எடுத்து வைக்கலாம். ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, கழுத்துப் பக்கம் கூடுதல் துணி கொடுத்துப் பெட்டியில் வையுங்கள், மண் பொம்மை உடைவது எப்போதும் கழுத்தில்தான். முளைத்த கேழ்வரகைத் தொட்டிச் செடிக்கு உரமாகப் போடலாம். காகித ஸ்டார் கிழிந்திருந்தால் போகியில் எரிக்காமல் காய்ந்த குப்பையில் சேர்த்துவிடுங்கள். பலகாரத் தட்டுகள் பொங்கல் அன்று கரும்போடும் சர்க்கரைப் பொங்கலோடும் திரும்பி வரும், அதுவரை எந்தத் தட்டு எந்த வீட்டில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.